பாலும் என்டிஎஸ்சியும்: ஒளிநாடாவின் பாடபேதங்கள்

ஏட்டுச்சுவடிகளைப் படித்துப் பழகியவர்கள் ஓர் இடர்ப்பாட்டை நன்கறிவார்கள். பழைய ஏடுகளில் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருக்கும். எது குறில், எது நெடில், எது மெய் என்பதை ஏடு சொல்லாது. படிப்பவர்தாம் அறிந்துகொள்ள வேண்டும். எழுதும் முறை தெரியாதவருக்கு ஏடு கையில் இருந்தும் பயனில்லை.

இருபதாம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் நம் வீடுகளில் சேர்ந்த ஒளிநாடாக்களின் நிலையும் இதுவே. தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, குற்றாலம் வட்டாரத்து வீடுகளின் பரண்களில் இன்றும் அத்தகைய நாடாக்கள் இருக்கின்றன. திருமணங்கள், புதுமனை புகுவிழாக்கள், வெளிநாட்டிலிருந்து மகனோ மகளோ அனுப்பிய பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் எனப் பலவும் அவற்றில் உண்டு. கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒன்றே, அளவும் ஒன்றே. ஆனால் உள்ளே எழுதப்பட்டிருக்கும் முறை ஒன்றல்ல. சில ‘பால்’ முறையில் எழுதப்பட்டவை. சில ‘என்டிஎஸ்சி’ முறையில் எழுதப்பட்டவை. (அறத்துப்பால், பொருட்பால் என்று பழகிய நமக்கு இந்தப் பால் சற்று விந்தையாக ஒலிக்கலாம். ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது.) இந்த இரு முறைகளும் எப்படித் தோன்றின, எப்படி நம் ஊர்வரை வந்து சேர்ந்தன, அவற்றை மறந்துவிட்டால் எதை இழப்போம் என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை தொலைக்காட்சியில் தொடங்கவில்லை, மின்சாரத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மாறுமின்னோட்டம் பரவியபோது, அமெரிக்காவில் அது நொடிக்கு 60 சுழற்சி என்றும் ஐரோப்பாவில் 50 சுழற்சி என்றும் நிலைபெற்றது. பிரிட்டனின் வழியைப் பின்பற்றிய இந்தியா 50 சுழற்சியை ஏற்றது. குற்றால மலைக்குத் தெற்கே, 1944-இல் இயங்கத் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் நம் மாவட்டத்துக்குத் தந்ததும் அந்த மின்சாரத்தைத்தான். தொடக்கக்காலத் தொலைக்காட்சிப் பெட்டிகளில், மின்னோட்டத்தின் துடிப்பும் படத்தின் துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் பட்டைகள் ஊர்ந்து செல்லும். ஆகவே பொறியாளர்கள் படத்தின் துடிப்பை மின்சாரத்தின் துடிப்போடு இசைத்தார்கள். 60 சுழற்சி நாடுகளில் நொடிக்கு 30 படங்களும், 50 சுழற்சி நாடுகளில் 25 படங்களும் என்ற பிரிவு அப்படித்தான் வந்தது. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என இரு பாதிகளாகத் திரையில் எழுதப்படும். முன்னதில் ஒரு படத்துக்கு 525 வரிகள். பின்னதில் 625 வரிகள்.

அமெரிக்காவின் தேசியத் தொலைக்காட்சி முறைக் குழு வகுத்த கறுப்பு வெள்ளைத் தரம் 1941-இல் நடைமுறைக்கு வந்தது. அக்குழுவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே என்டிஎஸ்சி. அதன் வண்ணத் தரத்துக்கு 1953 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. ஏற்கெனவே மக்கள் வாங்கிவிட்ட கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் வீணாகக்கூடாது என்பது அப்போதைய கட்டாயம். அதனால் பழைய படத்தின் ஊடே, அதைக் கெடுக்காதபடி, வண்ணத்தை ஒரு துணை அலையில் ஏற்றினார்கள். அந்த அலையும் ஒலியின் அலையும் ஒன்றையொன்று உரசாதிருக்க, நொடிக்கு 30 என்ற எண்ணை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். அந்தச் சிறு பின்னம் காணொளித் துறையில் இன்றுவரை தொடர்கிறது.

என்டிஎஸ்சி முறையில் ஒரு குறை இருந்தது. துணை அலை வரும் வழியில் சற்றுப் பிறழ்ந்தாலும் நிறமே மாறிவிடும். மனித முகம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும். அமெரிக்கப் பெட்டிகளில் நிறச்சாயலைத் திருத்துவதற்கென்றே ஒரு திருகு இருந்தது. ‘ஒருமுறை வந்த நிறம் மறுமுறை வராது’ என்ற பொருளில், என்டிஎஸ்சி என்ற எழுத்துகளுக்குப் பொறியாளர்களே வேடிக்கையாக ஒரு விரிவு சொல்லிக்கொண்டார்கள். இக்குறைக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டர் புரூஹ் (1908-1990). ஒரு வரியில் வண்ண அலையை நேராகவும் அடுத்த வரியில் தலைகீழாகவும் அனுப்பினால், வழியில் நேரும் பிழை இரு வரிகளிலும் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது அவர் முறை. 1963 ஜனவரியில் ஐரோப்பிய ஒலிபரப்பு வல்லுநர்கள்முன் அது செய்துகாட்டப்பட்டது. 1967-இல் பிரிட்டனிலும் மேற்கு ஜெர்மனியிலும் ஒளிபரப்புக்கு வந்தது. அதற்கு ஏன் உங்கள் பெயரையே சூட்டவில்லை என்று கேட்டவர்களிடம், ‘உடைப்பு முறை’ என்ற பெயரில் வந்தால் யார் வாங்குவார்கள் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னாராம். புரூஹ் என்ற ஜெர்மன் சொல்லுக்கு உடைதல் என்று பொருள். அதே 1967-இல் பிரான்ஸ், ஹென்றி த ஃபிரான்ஸ் வகுத்த ‘சீக்காம்’ என்ற மூன்றாவது முறையைத் தொடங்கியது.

இப்படியாக உலகம் மூன்று பாலாகப் பிரிந்தது. அமெரிக்கா, கனடா, ஜப்பான், தென்கொரியா, தைவான், பிலிப்பைன்ஸ், பர்மா ஆகியவை என்டிஎஸ்சி. பிரான்சும் சோவியத் ஒன்றியமும் சீக்காம். பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுள் பல, இலங்கை, இந்தியா ஆகியவை பால். தமிழர் சென்று வாழ்ந்த நாடுகளின் பட்டியலோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால், பின்னால் நேர்ந்த சிக்கலின் வேர் விளங்கும்.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-இல் தில்லியில் தொடங்கியது; சென்னைக்கு 1975-இல் வந்தது; வண்ணம் 1982-இல், சுதந்திர தின ஒளிபரப்போடும் ஆசிய விளையாட்டுப் போட்டியோடும் வந்தது. ஆனால் தெற்கே இருந்த நமக்கு முதலில் கிட்டியது தில்லியுமல்ல, சென்னையுமல்ல. 1982 பிப்ரவரி 15-இல் இலங்கையின் ரூபவாகினி தொடங்கியது. அதன் ஒளிபரப்புக் கோபுரம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின்மேல் நின்றது. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பல ஊர்களில் மொட்டை மாடியில் நெடிய குழாய் நட்டு, ஆண்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி, பூஸ்டர் வைத்து, புள்ளிகளுக்கு நடுவே அந்தப் படத்தைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. ரூபவாகினி, ஜப்பான் அரசின் உதவியால் அமைந்த நிலையம். ஜப்பானோ என்டிஎஸ்சி நாடு. இருப்பினும் இலங்கை தேர்ந்தது பால் முறையை. அது என்டிஎஸ்சியாக அமைந்திருந்தால், நம்மூர்ப் பெட்டிகளில் வண்ணமின்றி உருளும் படம்தான் கிடைத்திருக்கும்.

அடுத்து வந்தது ‘டெக்’. வீடியோ கேசட் ரிக்கார்டர் என்ற நீண்ட பெயரை நம் மக்கள் அப்படிச் சுருக்கிக்கொண்டார்கள். ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976-இல் வெளியிட்ட விஎச்எஸ் நாடாவே இறுதியில் உலகெங்கும் நிலைத்தது. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்களுக்குச் சிங்கப்பூரோடு நெடுநாள் தொடர்பு உண்டு; சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லேயே தோன்றிய அமைப்பு. பின்னர் வளைகுடாப் பயணங்கள் தொடங்கின. திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஊர் திரும்பியவர்களின் பெட்டிகளில் டெக்குகளும் வந்தன. டெக்கும் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் வாடகைக்கு எடுத்து, தெருவே கூடியிருந்து இரவு முழுவதும் மூன்று படம் பார்த்தது அக்காலத் திருவிழா. இதன் பரவல் எவ்வளவு விரைவாக இருந்தது என்பதற்கு, 1984-இல் தமிழக அரசு டெக் மூலம் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே இயற்றியதும், அதே ஆண்டில் நடுவண் அரசு பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி ஒளிநாடாவை அதற்குள் கொண்டுவந்ததும் சான்று.

சிங்கப்பூரும் துபாயும் இலங்கையும் நாமும் ஒரே பாலைச் சேர்ந்தவர்கள் என்பதால், முதல் பத்தாண்டுகளில் முறை வேறுபாடு என்ற பேச்சே பெரிதாக எழவில்லை. எந்த நாடாவையும் எந்த டெக்கிலும் போடலாம் என்ற நம்பிக்கை பரவியது. அந்த நம்பிக்கையைக் கலைத்தவை, தொண்ணூறுகளில் கணிப்பொறி வேலைக்காக அமெரிக்கா சென்ற பிள்ளைகள் அனுப்பிய நாடாக்கள். அவற்றை ஆவலோடு டெக்கில் நுழைத்த பெற்றோர் கண்டது என்ன? படம் கறுப்பு வெள்ளையாக இருக்கும், அல்லது மேலிருந்து கீழாக ஓயாமல் உருளும், அல்லது கோடுகள் மட்டும் ஓடும். எல்லாவற்றையும்விட வருத்தியது குரல். பேத்தியின் மழலை, கனத்து இழுபட்டு, யாரோ முதியவர் முனகுவதுபோல் வரும்.

காரணம் எளிது. பால் டெக்கில் நாடா நொடிக்கு ஏறத்தாழ 23.4 மில்லிமீட்டர் ஓடும். என்டிஎஸ்சி டெக்கில் வழக்கமான வேகம் ஏறத்தாழ 33.4 மில்லிமீட்டர். படத்தைப் படிக்கும் காந்த முனைகள் பதிந்த உருளை, முன்னதில் நிமிடத்துக்கு 1500 முறையும் பின்னதில் ஏறத்தாழ 1800 முறையும் சுழலும். வேகமாக ஓடும் டெக்கில் பதிந்ததை மெதுவாக ஓடும் டெக்கில் கேட்டால் குரல் கனக்கத்தான் செய்யும். நம்மூர்த் திருமண நாடாவை அமெரிக்க டெக்கில் போட்டாலோ நாதசுரம் கீச்சிடும். வண்ண அலையின் துடிப்பும் வேறு: பாலில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58. எனவே வேகம் ஒத்துவந்தாலும் பெட்டிக்கு நிறம் புலப்படாது.

ஜப்பான் நிறுவனங்கள் இதற்கு ஒரு நடுவழி கண்டன. நாடாவை என்டிஎஸ்சி வேகத்தில் ஓட்டி, வண்ண அலையை மட்டும் பாலுக்குரிய 4.43-க்கு ஏற்றித் தரும் டெக்குகளைச் செய்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி நொடிக்கு 60 துடிப்பைத் தாங்கினால் போதும், படம் வந்துவிடும். உண்மையில் இது மொழிபெயர்ப்பன்று, எழுத்துப்பெயர்ப்பு. சொல் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் மாறுகிறது. மூன்று முறைகளையும் படிக்கும் ‘மல்டி சிஸ்டம்’ டெக் அக்காலத்தில் ஊருக்கு ஒன்றிருந்தாலே பெரிது. அது இருக்கும் வீட்டைத் தேடி, அமெரிக்க நாடாவோடு நடந்தவர்கள் உண்டு. பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்கு வேறோர் ஆறுதல் இருந்தது. அத்தகைய டெக்கோடு இணைத்து, பின்புறத்துத் திருகைத் திருகினால் உருளும் படம் நின்றுவிடும். நிறம் வேண்டாதவர்களுக்கு முறையும் பெரிதாக வேண்டியிருக்கவில்லை.

நம்மைவிடக் கடுமையாக இப்பிரிவினையை உணர்ந்தவர்கள் ஈழத்தமிழர் என்று எனக்குத் தோன்றுகிறது. 1983-க்குப் பின் ஒரே குடும்பத்தின் அண்ணன் டொரொண்டோவுக்கும் அக்கா பாரிசுக்கும் தம்பி ஜெர்மனிக்கும் போனார்கள். பெற்றோர் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். டொரொண்டோ என்டிஎஸ்சி, பாரிஸ் சீக்காம், ஜெர்மனியும் யாழ்ப்பாணமும் பால். ஒரு திருமணத்தின் நாடா எல்லோரையும் சென்றடைய வேண்டுமானால் அது வேறு முறைக்கு மாற்றப்பட்டாக வேண்டும். முறையான மாற்றக் கருவி நொடிக்கு 30 படத்தை 25 ஆக்கும்போது, சில படங்களை விட்டும் சிலவற்றைக் கலந்தும் எழுதும். கருவி மலிவானதாக இருந்தால் அசைவு துள்ளும், கை வீச்சில் நிழல் படியும். படி எடுக்க எடுக்க ஏட்டில் பிழை பெருகுவதுபோல் இங்கும் பெருகியது.

ஏடு பதிப்பித்தவர்கள் பாடபேதம் என்று சொல்வதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு திரைப்படத்தில் உண்டு. படச்சுருள் நொடிக்கு 24 படங்கள் ஓடும். பால் முறையில் 25 தேவை. ஒன்றைப் புதிதாக ஆக்குவதைவிட, சுருளையே சற்று விரைவாக ஓட்டிவிடுவது எளிது. பொதுவாக அப்படித்தான் செய்தார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். வேகம் கூடினால் சுருதியும் கூடும். அந்தக் கூடுதல், அரைக்கட்டையில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஒன்றரைக் கட்டையில் பாடிய பாட்டு இரண்டு கட்டையை நெருங்கி ஒலிக்கும். என்டிஎஸ்சியிலோ ஒரு படத்தை மூன்று பாதியாகவும் அடுத்ததை இரண்டு பாதியாகவும் காட்டி எண்ணிக்கையை நிரப்புவார்கள். சுருதி கேட்குமளவு மாறாது, ஆனால் காமிரா மெல்ல நகரும் இடங்களில் மிக நுண்ணிய தடுமாற்றம் இருக்கும். திரையரங்கில் கேட்டதும் தொலைக்காட்சியில் கேட்டதும் ஒரே குரலா என்று ஐயுற்ற நல்ல காதுக்காரர்கள் இருந்தால், அவர்கள் ஐயத்துக்கு நியாயம் உண்டு.

அடுத்து வட்டுகள் வந்தன. 1993-இல் தரம் வகுக்கப்பட்ட விசிடியிலும் இரு முறைகளும் தொடர்ந்தன. 1996-இல் ஜப்பானில் அறிமுகமான டிவிடியிலும் 480 வரி, 576 வரி என்று பிரிவு நிலைத்தது. இங்குதான் ஒரு வேடிக்கை. பால் நாடான இந்தியாவின் திரைப்பட டிவிடிகளுள் பல, நம் தமிழ்ப் படங்கள் உட்பட, என்டிஎஸ்சி முறையில் வெளிவந்தன. விற்பவர்களின் கணக்கு இதுதான்: அதற்குள் பால் நாட்டுக் கருவிகள் இரண்டையும் படிக்கக் கற்றுவிட்டன, அமெரிக்கக் கருவிகள் பெரும்பாலும் தம் முறையை மட்டுமே படித்தன. ஆகவே என்டிஎஸ்சியில் வெளியிட்டால் சென்னையிலும் விற்கலாம், நியூ ஜெர்சியிலும் விற்கலாம். பலமொழி அறிந்தவன் வீட்டில் ஒருமொழி அறிந்தவனின் மொழியே பேசப்படும் என்பது வாழ்க்கையிலும் நாம் காண்பதுதானே. நிறத்தில் மேம்பட்டது, வரிகளில் மிகுந்தது என்ற பெருமைகள் எல்லாம் சந்தையின்முன் எடுபடவில்லை. சிறுவர்க்கத்தின் வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. கடல் கடந்த தமிழர் தரும் விலையே அன்று வட்டு வணிகத்தைத் தாங்கியது.

இன்று இந்தப் போர் ஓய்ந்துவிட்டது. அமெரிக்கா 2009-இலும் பிரிட்டன் 2012-இலும் பழைய ஒளிபரப்பை நிறுத்தின. ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் உற்பத்தியைக் கைவிட்டதோடு அந்தக் கருவியின் வரலாறும் ஏறத்தாழ முடிந்தது. கைப்பேசியில் படம் பார்க்கும் மாணவர்களுக்கு 25, 30 என்ற எண்களின் பொருள் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் பரணில் கிடக்கும் நாடாவுக்கு அந்தத் தேவை இன்னும் இருக்கிறது.

சாரல் காலத்தில் குற்றாலத்துச் சுவர்கள்கூட வியர்க்கும். அந்த ஈரம் நாடாவுக்குப் பகை. வெண்பூசணம் படர்ந்துவிட்டால் காந்தப் பூச்சு உதிரத் தொடங்கும். ஆகவே, எண்முறைக்கு மாற்றுவதற்கு அவகாசம் குறைவு. மாற்றித் தருகிறவர் நாடா எந்த முறையில் பதிந்தது என்று கேட்காமல், இருக்கும் ஒரே பால் டெக்கில் ஓட்டிவிட்டு ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று திருப்பித் தந்தால், நாம் அதை நம்பி எறிந்துவிடக்கூடும். முறை தெரியாததால் ஏட்டை ஆற்றில் விட்ட கதைதான் இதுவும்.

பெட்டியின்மேல் சிறு குறிப்பு ஒன்று பெரும்பாலும் இருக்கும். ‘இ-180’ என்றிருந்தால் அது பால் நாடுகளுக்காகச் செய்யப்பட்டது; மூன்று மணி நேரம் ஓடும். ‘டி-120’ என்றிருந்தால் என்டிஎஸ்சி நாடுகளுக்காகச் செய்யப்பட்டது; வழக்கமான வேகத்தில் இரண்டு மணி நேரம் ஓடும். மூன்று மணி நேரத் தமிழ்ப்படம் நம் நாடா ஒன்றில் அடங்கியதும், அமெரிக்காவில் அதற்கு வேகத்தைக் குறைக்கவோ இரண்டாம் நாடாவைத் தேடவோ நேர்ந்ததும் இதனால்தான். ஆனால் வெற்று நாடாவை எந்த நாட்டு டெக்கிலும் பதியலாம் என்பதால் இக்குறிப்பு முடிந்த முடிபாகாது. அனுப்பியவர் எந்த நாட்டிலிருந்தார் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். மாற்றும்போது, என்டிஎஸ்சி நாடாவை என்டிஎஸ்சியாகவே, அதற்குரிய வேகத்தில், 480 வரியிலேயே எண்முறைக்குக் கொண்டுவருவது நல்லது. பாலுக்குத் திருப்பி எழுத வேண்டிய தேவை இப்போது இல்லை. மூலபாடத்தைத் திருத்தாமல் காப்பதே பதிப்பாசிரியனின் முதற்கடமை.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், தான் கட்டியது என்றும் நிற்கும் என்று இறுமாந்திருக்கவில்லை. அதற்கு ஒரு குறை நேருமானால் அதைச் சீர்செய்து காப்பவர் யாராயினும் அவரைப் பணிவதாகக் கல்லில் செய்யுளாகவே பொறித்து வைத்தான். நம் பரணிலுள்ள நாடாக்கள் அரசர் செய்தவை அல்ல. அவற்றில் இருப்பவர்கள் எந்த வரலாற்றிலும் இடம்பெறப் போவதுமில்லை. எனினும் 1990-இல் தென்காசித் தெரு எப்படி இருந்தது, மணப்பெண் என்ன புடவை உடுத்தினாள், இறந்துபோன பாட்டியின் குரல் எந்தச் சுருதியில் இருந்தது என்பதற்கு வேறு சான்று இராது. அந்தக் குரலைச் சரியான வேகத்தில் கேட்பதற்கேனும் இந்த இரண்டு பெயர்களையும் சிலகாலம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.